தேறலும் தவறணையும்

கண்டியிலுள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் புறநானூறு கற்பித்துக்கொண்டிருந்தோம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் அன்றைய பாடம். கள் சிறிதே கிடைத்த நாளில் அதனைத் தம்மவர்க்கு ஈந்துவிட்டவன், பெரிதாகக் கிடைத்த நாளில் பாடுவோரோடு கூடியிருந்து பருகி மகிழ்ந்தவன் என்று ஔவையார் அவனை நினைந்து உருகுகிறார். உரையைச் சொல்லி முடித்து, அதியமானின் வள்ளன்மை பற்றிய வழக்கமான குறிப்பினை எழுதுவித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கில் இருந்த தோட்டப்புறத்து மாணவனொருவன் எழுந்தான். "சேர், தவறணையிலே குடித்தால் குடிகாரன், பாட்டிலே குடித்தால் வள்ளலா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரவேண்டிய சம்பளத்தில் எத்தனை பங்கு தவறணையிலேயே நின்றுவிடுகிறது என்பதை அவனும் அறிவான், நாமும் அறிவோம்.

காலம் வேறு, வழக்கம் வேறு என்று அன்று விடையிறுத்தோம். அது விடையன்று, மணியடிக்கும்வரை ஒளிந்துகொள்ள நாம் தேடிய மறைவிடம். ஆசிரியன் மாணவனுக்குக் கடன்படலாகாது. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இக்கேள்வி எம் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த நாட்களில், பேராதனையில் உடன் பயின்ற நண்பரொருவர் தமது வீட்டுக்கு எம்மை அழைத்திருந்தார். ஆசிரியர் நால்வர் கூடினோம். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த போத்தலொன்றை நண்பர் அன்று திறக்கவிருந்தார். அது போர்த்துக்கல் நாட்டின் பைராடாப் பிரதேசத்துச் செந்நிறத் திராட்சை மது. பாகா என்னும் பழத்தினின்றும் எடுக்கப்படுவது. இருபது முப்பது ஆண்டு வைத்திருந்தாலும் கெடாது, முதிர முதிரச் சுவை கூடும் என்று உறவினர் சொல்லியிருந்தாராம். அச்சொல்லை நம்பிய நண்பர், கூரைத் தகட்டுக்கு அண்மையில், அலமாரியின் உச்சியில், போத்தலை நிமிர்த்தி நிறுத்திப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். மேசைமீது கோப்பைகள் வைக்கப்பட்டன. தக்கை நொறுங்கி வந்தது. வார்த்த மதுவின் நிறம் பழுப்பு. முதல் மிடற்றிலேயே நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னர் எம்மில் ஒருவர் சொன்னார்: "வினாகிரி."

சிரித்துப் பிரிந்துவிடக்கூடிய நிகழ்ச்சிதான். ஆயினும் தமிழ் கற்பிப்பவனுக்குச் சொற்களே தொழில். வீடு திரும்பும் வழியில் அன்று மாலை புழங்கிய சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அலமாரி போர்த்துக்கேயச் சொல். மேசை போர்த்துக்கேயச் சொல். கோப்பையும் அவ்வாறே. வினாகிரி என்பது 'புளித்த மது' என்னும் பொருள்படும் அவர்தம் சொல்லே. மதுவை அடைத்து ஏற்றும் பீப்பாய் அவர்களுடையது. டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் மதுவை அளக்கும் பெயரும் அதுவே. எம் மாணவனின் வாயிலிருந்து வந்த தவறணை என்னும் சொல்லும் அவர்கள் விட்டுச்சென்றதே. மேசை, கோப்பை, பீப்பாய், தவறணை, வினாகிரி ஆகிய அனைத்தையும் தந்தவர்கள் மதுவைக் குறிக்கும் தம் சொல்லைமட்டும் எமக்குத் தரவில்லை. 'வைன்' என்று நாம் சொல்வது ஆங்கிலேயரிடம் பெற்றது. பாத்திரம் எமக்கு, பண்டம் தமக்கு என்பது அவர்கள் திட்டமிட்டுச் செய்ததன்று. மொழி அப்படித் திட்டமிட்டு இயங்குவதுமில்லை. எனினும் யாருடைய வாய்க்கு எது எட்டிற்று என்பதற்குச் சொற்கள் சாட்சி நிற்கின்றன.

கண்டியை அவர்கள் கடைசிவரை ஆளவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நகரினுள் புகுந்தார்கள், எரித்தார்கள், திரும்பினார்கள். 1638 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள், இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர் ஆற்றுக்கு அக்கரையில் காணும் கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்கனின் படை தியோகோ டி மெலோவின் படையை அழித்தது. தளபதியும் களத்திலே மாண்டான். வாளினால் வெல்ல முடியாத இம்மலைநாட்டினுள் அவர்களுடைய சொற்கள் மட்டும் நுழைந்து, தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்துவிட்டன.

அந்தப் போத்தல் ஏன் கெட்டது? இதனைச் சற்று விரிவாகவே பார்ப்பது நன்று. சுவை என்பது மாயமன்று, அதற்கும் பௌதிகக் காரணங்கள் உண்டு என்பதை உணராமல் அதனைப் பற்றிய விமர்சனத்தைத் தொடங்க முடியாது. செந்நிற மதுவின் துவர்ப்பு பழத்தின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. மது இளமையாக இருக்கும்போது இத்துவர்ப்பு நாவைப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் மண்டியாகப் படியும். ஊதா நிறம் செங்கல் நிறமாகும், கடுமை தணியும், பழத்தின் மணம் மெல்லப் பின்வாங்க, காய்ந்த இலை, தோல், மண் என்னும் வேறு மணங்கள் முன்வரும். எல்லா மதுவும் இவ்வாறு முதிர்வதில்லை. துவர்ப்பும் புளிப்பும் மிகுந்தவையே காலத்தைத் தாங்கும். பைராடாவின் பாகா, டாவ் பிரதேசத்தின் தூரிகா நசியோனல், கடலோர மணலில் வளரும் கொலாரெசின் ரமிஸ்கோ ஆகியன அத்தகையவை.

ஆனால் காலம் தானாக எதனையும் பழுக்கவைப்பதில்லை. ஏறத்தாழ 13 பாகைக் குளிர், இருள், அசைவின்மை, தக்கை உலராதபடி போத்தலைக் கிடையாக வைத்தல் ஆகியன வேண்டும். கண்டியின் சராசரி வெப்பநிலை 24 பாகையை ஒட்டியது. நிமிர்ந்து நின்ற போத்தலின் தக்கை உலர்ந்து சுருங்கிற்று. வெப்பத்தில் மது விரிந்தும் சுருங்கியும் காற்றை உள்ளிழுத்தது. காற்று புகுந்த மதுவைக் கிருமிகள் காடியாக்கின. காத்திருப்பதற்கும் வசதி வேண்டும் என்பதே இதன் சாரம். நிலவறையும் குளிரும் உடையவனுக்குக் காலம் செல்வமாகிறது. அவை இல்லாதவனுக்கு அதே காலம் புளித்துப்போகிறது.

தக்கையின் கதை இன்னும் வியப்புக்குரியது. உலகின் தக்கையில் ஏறத்தாழ அரைப்பங்கு போர்த்துக்கலிலேயே உற்பத்தியாகிறது. தக்கை மரத்தின் பட்டையை முதன்முறை உரிக்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்; பின்னர் ஒன்பது ஆண்டுகளுக்கொருமுறை உரிக்கலாம். முதலிரண்டு உரிப்புகளும் போத்தலுக்கு உதவா. எனவே இன்று நடப்படும் மரம் போத்தலடைக்கும் தக்கையைத் தருவது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே. நட்டவன் பெரும்பாலும் பேரனுக்காகவே நடுகிறான். எமது நண்பரின் வீட்டில் நொறுங்கிய தக்கையினுள் இத்தனை நீண்ட உழைப்பு இருந்தது. நாம் அதனை விரலால் உதறிவிட்டோம்.

இனி விமர்சனத்துக்கு வருவோம். மதுவைச் சுவைப்போர் எழுதும் குறிப்புகள் இன்று தனியொரு எழுத்து வகையாக வளர்ந்திருக்கின்றன. நண்பர் தேடி வைத்திருந்த சிலவற்றைப் படித்தோம். நிறம், மணம், நாவில் படும் கனம், விழுங்கியபின் எஞ்சும் சுவை ஆகியன முறையாகக் கூறப்படுகின்றன. முடிவில் நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று, நாம் பரீட்சை விடைத்தாளுக்கு இடுவதுபோல, ஓர் எண். இவ்வெழுத்தைப் போலியென்று தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை. நல்ல குறிப்பில் கூர்மையான அவதானம் இருக்கிறது. பிறர் கவனியாது விழுங்குவதை ஒருவன் நின்று கவனித்துச் சொல் தேடுகிறான். கவிஞனின் பயிற்சியும் அதுதானே? நம் முன்னோர் நாவின் அனுபவத்துக்கும் இலக்கிய அனுபவத்துக்கும் சுவை என்னும் ஒரே சொல்லை வழங்கியது தற்செயலன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அக்குறிப்புகளில் மண்ணுக்குப் பெயர் இருக்கிறது. பழத்துக்கும், ஆண்டுக்கும், பண்ணை உடைமையாளனுக்கும் பெயர் இருக்கிறது. பழத்தைப் பறித்த கைக்கு மட்டும் பெயரில்லை. மலைச்சரிவில் கற்படிகளைக் கட்டியவர் யார்? கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, மணிக்கணக்காகப் பழத்தை மிதித்தவர் யார்? மதுவில் மண்ணின் மணத்தைக் கண்டுபிடிக்கும் அத்தனை கூரிய மூக்குக்கு வியர்வை மட்டும் மணப்பதில்லை.

இம்மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1703 இல் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் மெத்துவென் உடன்படிக்கையைச் செய்தன. ஆங்கிலத் துணி போர்த்துக்கலினுள் தடையின்றிப் புகும். போர்த்துக்கேய மது பிரெஞ்சு மதுவினும் குறைந்த தீர்வையில் இங்கிலாந்துக்குள் புகும். 1756 இல் பொம்பால் பிரபு டோரோ மதுவுக்குத் தனியுரிமைக் கம்பனியொன்றை அமைத்து, மது விளையும் எல்லையைக் கற்றூண் நட்டு வரையறுத்தான். அடுத்த ஆண்டே ஒப்போர்த்தோ நகரின் தவறணைக்காரரும் எளிய மக்களும் அக்கம்பனிக்கு எதிராகக் கிளர்ந்தனர், பலர் தூக்கிலிடப்பட்டனர். அரசு வரலாறு அக்கிளர்ச்சிக்கு இட்ட பெயர் 'குடிகாரர் கலகம்'. உரிமை கேட்பவனைக் குடிகாரன் என்றழைப்பது எம் நாட்டுத் துரைமார் மட்டும் கண்டுபிடித்த தந்திரமன்று.

1817 இல் டேவிட் ரிக்கார்டோ அரசியற் பொருளாதாரம் பற்றிய தமது நூலில் இதே துணியையும் மதுவையும் உதாரணமாக எடுத்தார். ஓராண்டுக்குரிய துணியை நெய்ய இங்கிலாந்தில் 100 பேர், மதுவுக்கு 120 பேர். போர்த்துக்கலில் துணிக்கு 90 பேர், மதுவுக்கு 80 பேர். ஆகவே போர்த்துக்கல் இரண்டிலும் வல்லதாயினும் மதுவை மட்டும் செய்து துணியை வாங்குவதே இருசாராருக்கும் இலாபம் என்று அவர் நிறுவினார். இவ்வுதாரணம் இன்றும் பொருளியல் வகுப்புகளில் கரும்பலகையில் எழுதப்படுகிறது. கணக்குப் பிழையன்று. ஆனால் அந்த எண்பது பேருக்கும் என்ன கிடைத்தது என்பது அக்கணக்கில் வரவில்லை. ஒருநாடு நெசவாலை கட்டியது. மற்றைய நாடு மதுப் பீப்பாய் உருட்டியது. கோப்பியும் தேயிலையும் மட்டும் செய்யப் பணிக்கப்பட்ட தீவில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இரு நாட்டு வரலாறுகளும் இன்னோரிடத்திலும் சந்திக்கின்றன. 1860களில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய பைலொக்சரா என்னும் நுண்பூச்சி டோரோத் திராட்சையின் வேரை உறிஞ்சி அழித்தது. 1869 இல் இலங்கைக் கோப்பியின் இலையில் துரு நோய் காணப்பட்டது. டோரோவில் கைவிடப்பட்ட கற்படிகளில் சில இன்றும் புதர்மண்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஊரவர் சாவினை நினைவூட்டும் பெயரையே இட்டு வழங்குகின்றனர். இங்கே கோப்பி அழிந்தது. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலைநாடெங்கும் பரந்தது. நோய் இரு நாட்டிலும் முதலாளியின் கணக்கைக் குலைத்தது மெய்யே. முதலாளி பயிரை மாற்றிக்கொண்டான். தொழிலாளி எதனை மாற்றிக்கொள்வது?

இவ்விடத்தில்தான் இலக்கியம் தன் கடமையைச் செய்யவேண்டும். போர்த்துக்கலில் அது செய்தது. மிகெல் தோர்கா 1945 இல் 'திராட்சை அறுவடை' என்னும் பொருள்படும் நாவலை எழுதினார். மலைமேலிருந்து டோரோவுக்கு அறுவடைக்கு இறங்கி வரும் கூலியாட்களை அது பேசுகிறது. அந்நாட்டுப் புதிய யதார்த்தவாத இயக்கத்தின் முன்னோடியாகிய அல்வெஸ் ரெடோல், 1949 க்கும் 1953 க்கும் இடையில், ஒப்போர்த்தோ மதுவின் பின்னாலுள்ள வாழ்வை மூன்று நாவல்களாக எழுதினார். மூன்றாவதன் பெயரில் அறுவடையோடு குருதியும் சேர்ந்தே நிற்கிறது. சலாசாரின் சர்வாதிகாரம் நிலவிய காலம் அது. அந்த ஆட்சி நாவலாசிரியரின் பேனாவை மட்டுமன்றி மதுவின் சுவையையும் கெடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது. டாவ் பிரதேசத்தில் விவசாயியிடம் பழம் வாங்கும் உரிமை அரசு ஆதரவுபெற்ற கூட்டுநிலையங்களுக்கு மட்டுமே என விதிக்கப்பட்டது. போட்டியும் பொறுப்பும் நீங்க, மதுவின் தரம் பல பத்தாண்டுகள் தாழ்ந்து கிடந்தது. 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பின், 1986 இல் நாடு ஐரோப்பிய சமூகத்திற் சேர்ந்ததையடுத்தே அவ்விதி நீங்கிற்று. 'கூட்டு' என்னும் பெயரைக் கண்டவுடனே கைதட்டிவிடும் நம் தோழர்கள் இதனையும் மனங்கொள்ளல் நன்று. மேலிருந்து கட்டளையிடப்படும் கூட்டு, கூட்டன்று.

அதே காலத்தில், 1952 இல், டோரோவில் வேறொரு காரியமும் நடந்தது. பெர்னாண்டோ நிக்கொலாவ் டி அல்மேய்டா என்பவர் பார்க்கா வெல்யா என்னும் செம்மதுவை முதன்முதலாகச் செய்தார். மின்சாரமற்ற பண்ணையில் புளிக்கும் மதுவைக் குளிர்விக்கக் கடற்கரைப் பட்டினமாகிய மத்தொசினியோசிலிருந்து பனிக்கட்டி கொண்டுவரப்பட்டதென்பர். அந்த மதுவைப் பல ஆண்டுகள் போத்தலில் வைத்துச் சுவைத்துப் பார்த்த பின்னரே, அது அப்பெயருக்குத் தகுமா என்று தீர்மானிப்பார்கள். தகாதெனின் வேறு பெயரில் விற்பார்கள். இத்தகைய பொறுமையையும் நேர்மையையும் நாம் மதிக்கிறோம். எழுதிய கதையை ஒருவாரமும் வைத்துப் பாராமல் அச்சுக்கு அனுப்பும் நம் எழுத்தாளரும் இதனைக் கற்கலாம்.

இனி நம் புறநானூற்றுக்குத் திரும்புவோம். மதுவைச் சுட்டும் பழந்தமிழ்ச் சொற்களில் தேறல் தனிச் சிறப்புடையது. தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். பரீட்சையில் தேறினான் என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். முதிர்தல் என்னும் கருத்து எமக்குப் புதிதன்று. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் வைத்து விளைந்த தேறலைப் பேசுகிறது. கடல் கடந்து வந்த மதுவும் எமக்குப் புதிதன்று. 1945 இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

அம்மதுவைப் பேசும் பாடலொன்று உண்டு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்று 56 ஆம் பாட்டு அது. யவனர் கொண்டுவந்த தண்ணிய நறுந்தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, நாள்தோறும் மகிழ்ந்து வாழ்க என்கிறார் புலவர். அழகிய பாட்டுத்தான். யவனரின் 'கலம்' என்பது கப்பலா, குப்பியா என்று உரைகாரர் ஆராய்வர். நாம் வேறொன்றைக் கேட்கிறோம். அப்பாட்டில் மதுவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? கொண்டுவந்தவன் இருக்கிறான், ஊட்டுபவள் இருக்கிறாள், உண்பவன் இருக்கிறான். விளைத்தவன் இல்லை. தூரதேசத்து உழைப்பு, கப்பலேறும்போதே தன் முகத்தை இழந்துவிடுகிறது. இன்றைய சுவைக்குறிப்புக்கு நம் மொழியிலுள்ள மூதாதை இப்பாட்டே எனலாம்.

இதனோடு 120 ஆம் பாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடியது. வெயில் காய்ந்த செம்மண் நிலத்தில் மழை பெய்கிறது, பலகால் உழுகிறார்கள், விதைக்கிறார்கள், களை பறிக்கிறார்கள், வரகு கதிர் முற்றுகிறது, தினை கொய்யப்படுகிறது, எள் காய்க்கிறது, அவரை பறிக்கும் பருவம் வருகிறது. இத்தனை வேலையும் முடிந்த பிறகே கபிலர் மதுவைப் பேசுகிறார். அது நிலத்திற் புதைத்து வைத்து முதிர்ந்த தேறல். நிலவறை என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவது அதுவே: மண்ணின் குளிர், இருள், அசைவின்மை. ஆனால் அந்த நிலவறைக்குப் பூட்டில்லை. முதிர்ந்த தேறல் புல்வேய்ந்த குடிசைகள்தோறும் பகிரப்படுகிறது, சோறு சமைக்கப்படுகிறது. உழைப்பிலிருந்து சுவைக்கும், சுவையிலிருந்து பகிர்வுக்கும் போகும் இந்த ஒழுங்கே பாட்டின் கட்டுக்கோப்பு. நக்கீரர் பாட்டில் சுவை தொடக்கத்திலேயே பொற்கலத்தில் இருக்கிறது. கபிலர் பாட்டில் அது சம்பாதிக்கப்படுகிறது.

பறம்பினைப் பொன்னுலகமாக்கிவிட நாம் முயலவில்லை. அங்கும் தலைவன் இருந்தான்; பாடிப் பிழைத்தவர் இருந்தனர்; களை பறித்த பெண்ணின் பெயரைக் கபிலரும் சொல்லவில்லை. அன்றியும் அப்பாட்டு வாழ்த்தன்று. வருத்தமின்றி வந்த இவ்வளம் அழிந்துவிடுமோ என்னும் கலக்கம் அதனூடே ஓடுகிறது. வேந்தர் பறம்பைச் சூழ்ந்தனர். பகிர்ந்துண்ணும் சிறுகுடிகளை ஒழித்துப் பேரரசு எழுகின்ற காலம் அது. கபிலரின் பெருமை, அழியவிருப்பதன் அருமையை அதன் வேலைகளோடும் விளைச்சலோடும் பதிவு செய்ததில் இருக்கிறது.

சில நண்பர்கள் எம்மிடம் கேட்பர்: மது பிரபுக்களின் பண்டம், அதன் சுவையைப் பற்றி முற்போக்காளனுக்கு என்ன பேச்சு? கார்ல் மார்க்சு பிறந்தது மோசெல் நதிக்கரையின் திராட்சை நாட்டில். 1843 இல் அவர் பத்திரிகையாசிரியராயிருந்து எழுதியது அப்பிரதேசத்துத் திராட்சை விவசாயிகளின் துயரத்தை. அரசியலிலிருந்து பொருளாதார ஆராய்ச்சிக்குத் தம்மைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று என மார்க்சு கூறியதாக எங்கெல்சு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மதுவை வெறுத்தோ வியந்தோ அவர் நின்றுவிடவில்லை. கோப்பையிலிருந்து கொடிக்கும், கொடியிலிருந்து கைக்கும், கையிலிருந்து சட்டத்துக்கும் சென்றார். விமர்சனம் செல்லவேண்டிய வழியும் அதுவே. சுவையைப் பழிப்பது பாட்டாளிக்குச் செய்யும் தொண்டன்று. நல்லதைச் சுவைக்கும் உரிமை அவனுக்கில்லை என்ற முதலாளியின் தீர்ப்பையே அது வேறு சொற்களில் வழிமொழிகிறது.

அந்தத் தீர்ப்பு எம் கண்முன்னே நாள்தோறும் நிறைவேறுகிறது. ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலை. அங்கு மாணவரை அழைத்துச் சென்றிருக்கிறோம். உருட்டும் இயந்திரங்களையும் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் அவர்கள் பார்த்தார்கள். தேயிலைச் சுவைஞர் தொழில் செய்யும் முறையை அன்று அவர்களுக்கு விளக்கினோம். வரிசையாகக் கிண்ணங்கள், கொதிநீர் வார்த்துச் சில நிமிடம் ஊறவிட்டுக் கரண்டியால் எடுத்து ஒலியெழ உறிஞ்சுவர், நாவெங்கும் பரவவிட்டு உமிழ்ந்துவிடுவர். மதுச் சுவைஞரும் அவ்வாறே உமிழ்வர். 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் ஏலத்தில் விலை நிற்பது அந்நாவின் தீர்ப்பில். கண்டிப் பகுதியின் இடைநிலத் தேயிலைக்குக் கனமும் நிறமும் மிகுதி என்பர். அதைக் கேட்ட மாணவி ஒருத்தி, தன் தாய் முப்பதாண்டு கொழுந்து பறித்தவள், அந்த நல்ல தேயிலையை ஒருநாளும் குடித்ததில்லை, லயத்தில் ஊற்றுவது தூள்தான் என்றாள். குறைகூறும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். அதுவே எம்மை வருத்திற்று.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்குவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அது 1350 ஆக நிர்ணயிக்கப்பட்டது. நாவின் தீர்ப்புக்கு ஏலத்தில் விலையுண்டு. கையின் உழைப்புக்கு ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை. கொழுந்து நிறுக்கும் தராசைக் கதையாக்கிய என். எஸ். எம். இராமையா போன்றோர் மலையகத்தில் தோன்றியிராவிடில், 'ஒரு கூடைக் கொழுந்து' என்பதன் கனத்தை நம் இலக்கியமும் அறிந்திராது. தோர்காவும் ரெடோலும் தம் நாட்டில் செய்ததை எம்மவர் இங்கு செய்தனர். சுவைக்குறிப்பு எழுதாமல் விட்ட மனிதரைக் கதைக்குள் கொண்டுவந்தனர்.

இப்பொழுது அம்மாணவனின் கேள்விக்கு விடை சொல்லலாம். தம்பி, குடித்ததனால் அதியமான் வள்ளலாகவில்லை. கிடைத்ததைத் தனக்கென்று மறைக்காமையால் வள்ளலானான். ஔவையார் அழுதது கள்ளுக்காகவன்று. கூடியிருந்த வட்டம் கலைந்துபோனதற்காக. உன் ஊர்த் தவறணையில் அந்த வட்டமில்லை. அங்கு ஒருவன் தனியே நின்று, களைப்பை மறக்க, முதிராததும் தெளியாததுமானதை ஒரே மூச்சில் விழுங்குகிறான். சுவைக்க அவனுக்கு நேரமில்லை. சாராயக் குத்தகையை ஏலம் விட்டு வருமானம் கண்டது குடியேற்ற அரசு. உழைப்பவன் ஒருகையால் வாங்கிய கூலியை மறுகையால் திருப்பிக் கொடுக்கும் இடமாகத் தவறணை அமைந்தது. ஆகவே பாட்டிலே ஒரு நியாயம், தவறணையிலே ஒரு நியாயம் என்பதன்று. பாட்டில் உள்ளது பகிர்வு. தவறணையில் உள்ளது பறிப்பு. அதற்காக வீட்டில் அடுப்பெரியாததை நாம் நியாயப்படுத்தவில்லை. அந்த அடுப்பின் முன்னிருக்கும் உன் தாய்க்கும் ஒரு பாட்டு வேண்டும். அதனைக் கபிலரும் எழுதவில்லை, நக்கீரரும் எழுதவில்லை.

இவ்விடையை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அந்த மண்ணுக்குள்ளே புதைத்த பாட்டையும் படிப்பிப்பீங்களா சேர்?" என்றான். பாடத்திட்டத்தில் அது இல்லை. எனினும் கரும்பலகையில் 120 என்று எழுதித் தொடங்கினோம்.